எடை அதேதான்... தசை மட்டும் எங்கே போகிறது? தொடைக்குள் எட்டிப் பார்க்கும் ஸ்கேன்கள் சொல்வது என்ன?

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இந்தச் சாலையில் கம்பெனி பஸ்களில் ஏறி இறங்குபவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள். அவர்களில் பலருடைய அப்பா, அம்மா சொந்த ஊரில் தனியாக இருக்கிறார்கள். 'கீழ உட்கார்ந்தா எழுந்திருக்கவே முடியல' என்று அம்மா போனில் சொன்னால், 'வயசாகுதுல்லம்மா, அப்படித்தான் இருக்கும்' என்பதுதான் நம்மில் பலருடைய பதில்.

இந்தப் பதில் பாதிதான் சரி. வயதாகும்போது தசை குறைவது உண்மை. ஆனால் எவ்வளவு குறைகிறது, எப்போது தொடங்குகிறது, அதில் வயதின் பங்கு எவ்வளவு, அசையாமல் இருப்பதன் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் கடந்த 40 ஆண்டுகளில் ஸ்கேன் படங்கள் ஓரளவு தெளிவாகவே காட்டிவிட்டன. இது அம்மாவுக்கான செய்தி மட்டுமல்ல. 28 வயதில் இதைப் படித்துக்கொண்டிருப்பவருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

தசை எப்போதிலிருந்து குறைகிறது?

வயதாவதால் தசையும் பலமும் குறையும் நிலைக்கு 'சார்கோபீனியா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பீனியா' என்றால் குறைவு. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1980-களின் இறுதியில் இந்தப் பெயரை முன்மொழிந்தார். அதுவரை இதற்கு ஒரு பெயர்கூட கிடையாது. அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இது தனியாக இடம்பிடித்ததே 2016-ல்தான்.

தொடக்கத்தில் தசையை அளக்க நல்ல வழி இல்லை. ஸ்வீடன் ஆய்வாளர் யான் லெக்செல் குழு, திடீரென இறந்துபோன 15 முதல் 83 வயது வரையிலான 43 ஆண்களின் தொடைத் தசையை முழுசாக எடுத்து, குறுக்காக வெட்டி, இழைகளை எண்ணியது. 1988-ல் வெளியான அந்த ஆய்வின்படி, தசை சுருங்குவது சுமார் 25 வயதிலேயே தொடங்குகிறது. 50 வயதுக்குள் சுமார் 10 சதவீதம் போய்விடுகிறது. 80 வயதில் இழப்பு சுமார் 40 சதவீதம்.

உயிரோடு இருப்பவர்களிடம் இதைச் செய்ய முடியாது இல்லையா? அங்கேதான் ஸ்கேன் உதவிக்கு வந்தது. 2000-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 88 வயது வரையிலான 468 பேரின் உடல் முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுத்து மொத்தத் தசையைக் கணக்கிட்டார்கள். அதில் மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, மொத்தத் தசையின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைவது 50 வயதை நெருங்கும்போதுதான்.

இரண்டு, உடல் எடையில் தசையின் 'பங்கு' குறைவது இருபதுகளிலேயே தொடங்குகிறது. காரணம் எளிது: எடை ஏறுகிறது, தசை ஏறுவதில்லை.

மூன்று, கையைவிடக் காலில்தான் இழப்பு அதிகம். எழுவது, நடப்பது, படி ஏறுவது, தடுக்கினால் சமாளித்து நிற்பது எல்லாமே காலின் வேலை என்பதால் இது முக்கியம்.

எடை மெஷின் ஏன் இதைக் காட்டாது?

எடை மெஷின் மொத்தத்தைத்தான் சொல்லும். 2 கிலோ தசை போய் 2 கிலோ கொழுப்பு வந்தால், முள் அசையவே அசையாது. பேன்ட் அளவுகூட மாறாமல் இருக்கலாம்.

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டன் பேராசிரியர் ஜான் யட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே ஒன்றாக வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சு அசலாக ஒன்றுதான்: 22.3. ஆனால் டெக்ஸா ஸ்கேன் காட்டிய கொழுப்பின் அளவு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரின் பெயரும் 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால், இதை 'ஒய்-ஒய் முரண்' என்று அழைக்கிறார்கள்.

பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. இந்திய உடலமைப்பில் இது பரவலாக இருப்பதை யாக்னிக்கின் தொடர் ஆய்வுகள் காட்டின. 'நான் ஒல்லிதான், எனக்கு என்ன வரப்போகுது?' என்று இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலினின் உதவியோடு உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறையும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் தசைக் குறைவும் அதிகமாக இருப்பதை, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆய்வு 2013-லேயே பதிவு செய்திருக்கிறது.

எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

தசையைப் பார்க்க முக்கியமாக நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

*டெக்ஸா:* எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் அதே மெஷின்தான். இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்-ரே கதிர்களை உடல் வழியாகச் செலுத்துவார்கள். எலும்பு, கொழுப்பு, மற்ற சதை மூன்றும் அவற்றை வெவ்வேறு அளவில் தடுப்பதால் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட முடியும். கதிர்வீச்சு மிகக் குறைவு. கை, கால்களில் உள்ள சதையின் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அதுதான் தசை அளவுக்கான அடிப்படைக் குறியீடு. குறை என்னவென்றால், காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் அதையும் 'சதை' என்றே எண்ணிவிடும். தசைக்கு உள்ளே ஊடுருவிய கொழுப்பும் இதில் தெரியாது.

*சி.டி.:* படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அதன் பெயர் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு பொதுவாக மைனஸ் 190-க்கும் மைனஸ் 30-க்கும் நடுவில் இருக்கும். தசை மைனஸ் 29 முதல் பிளஸ் 150 வரை. தசைக்குள் கொழுப்பு சேரச் சேர, தசையின் எண் கீழே இறங்கும். அதாவது தசை எவ்வளவு என்பதோடு, எப்படிப்பட்டது என்பதையும் சி.டி. சொல்லிவிடும்.

சி.டி.யில் கதிர்வீச்சு அதிகம் என்பதால் தசையைப் பார்ப்பதற்காக மட்டும் யாரும் எடுக்கச் சொல்வதில்லை. ஆனால் சிறுநீரகக் கல், புற்றுநோய் என்று வேறு காரணத்துக்கு எடுத்த வயிற்று சி.டி. இருந்தால், இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு இருக்கும் ஒரே ஒரு 'ஸ்லைஸ்' போதும். அந்த ஒரு துண்டில் தெரியும் தசையின் பரப்பு, உடலின் மொத்தத் தசையோடு நன்றாகப் பொருந்துகிறது. இப்போது கணினி மென்பொருள்களே இதைச் சில நொடிகளில் அளந்துவிடுகின்றன.

*எம்.ஆர்.ஐ.:* கதிர்வீச்சு கிடையாது. தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் காந்தப்புலத்தில் மிகச் சிறிய வித்தியாசத்தோடு அதிர்கின்றன. அந்த வித்தியாசத்தை வைத்து இரண்டையும் பிரிக்கும் முறையை டிக்சன் என்ற ஆய்வாளர் 1984-ல் விளக்கினார். இன்று 'இந்தத் தசையில் இத்தனை சதவீதம் கொழுப்பு' என்று துல்லியமாகச் சொல்ல முடிவது அதனால்தான். செலவும் நேரமும் அதிகம் என்பதால் பெரும்பாலும் ஆராய்ச்சியோடு நின்றுவிடுகிறது. பிரிட்டனின் 'யு.கே. பயோபேங்க்' 2014-ல் தொடங்கிய படமெடுக்கும் திட்டம், 2025-ல் 1 லட்சம் பேரைத் தொட்டது.

*அல்ட்ராசவுண்ட்:* கர்ப்பகால ஸ்கேனுக்குப் பயன்படும் அதே மெஷின். தொடையின் முன்பக்கத்தில் வைத்தால் தசையின் தடிமன் மில்லிமீட்டரில் தெரியும். நல்ல தசை படத்தில் கறுப்பாகத் தெரியும். கொழுப்பும் நாரும் சேர்ந்த தசை வெளுத்துத் தெரியும். தடிமனை பி.எம்.ஐ.யால் வகுத்தால் வரும் எண் ஆணுக்கு 1.4-க்குக் கீழும் பெண்ணுக்கு 1.0-க்குக் கீழும் இருந்தால் தசைக் குறைவு என்று ஒரு சர்வதேச மறுவாழ்வு மருத்துவக் குழு வரையறுத்துள்ளது. நான்கில் விலை குறைந்ததும், படுக்கை அருகே கொண்டுபோகக் கூடியதும் இதுதான்.

அளவு முக்கியமா, தரம் முக்கியமா?

கறிக்கடையில் தொடைக்கறி வாங்கும்போது கவனித்திருப்பீர்கள். சில துண்டுகள் முழுக்கச் சிவப்பாக இருக்கும். சிலவற்றில் சிவப்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்த வெள்ளைக் கோடு கொழுப்பு. இரண்டு துண்டும் தராசில் ஒரே எடைதான் காட்டும். மனிதத் தொடையிலும் இதேதான் நடக்கிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க், மெம்பிஸ் நகரங்களில் 70 முதல் 79 வயது வரையிலான 3,075 பேரை 1997 முதல் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 'ஹெல்த் ஏபிசி' என்பது அதன் பெயர். அதில் மூன்று ஆண்டுகளில் தசை குறைந்த வேகத்தைவிட, பலம் குறைந்த வேகம் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. தசை குறையாதவர்களுக்குக்கூட பலம் குறைந்தது. ஐந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த சி.டி. படங்களில் இன்னொன்றும் தெரிந்தது: எடை கூடியவர், குறைந்தவர், மாறாதவர் எல்லோருக்குமே தொடைத் தசைகளுக்கு நடுவே கொழுப்பு கூடியிருந்தது.

பலம் ஏன் இவ்வளவு வேகமாகக் குறைகிறது? தசைக்கு உத்தரவு தரும் நரம்புகள் வயதாக ஆகக் குறைகின்றன. சட்டென்று இயங்கும் வேக இழைகள் முதலில் சுருங்குகின்றன. தடுக்கி விழப்போகும்போது காலை எடுத்து முன்னால் வைக்க உதவுவது இந்த வேக இழைகள்தான். 'கால் இடறுச்சு, சமாளிக்க முடியல' என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

அதனால்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பலத்தைச் சோதிக்கச் சொல்கின்றன. ஸ்கேன் அதற்குப் பிறகுதான்.

இதற்குக் காரணம் வயதா, அசையாமல் இருப்பதா?

2011-ல் வெளியான ஓர் ஆய்வின் எம்.ஆர்.ஐ. படங்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மூன்று தொடைகளின் குறுக்கு வெட்டுப் படங்கள். முதலாவது, 40 வயது விளையாட்டு வீரர். இரண்டாவது, உட்கார்ந்தே காலம் கழித்த 74 வயதுக்காரர். மூன்றாவது, 70 வயது விளையாட்டு வீரர். முதல் படமும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். நடுப் படத்தில் தசை சுருங்கி, சுற்றிலும் கொழுப்பு நிறைந்திருக்கும். வாரத்துக்கு நான்கைந்து நாள் பயிற்சி செய்த, 40 முதல் 81 வயது வரையிலான 40 பேரிடம் செய்த ஆய்வு அது. அவர்களிடம் வயது கூடக் கூடத் தொடைத் தசையின் பரப்பு குறையவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. 80 வயதிலும் ஓடுகிறவர், இயல்பிலேயே நல்ல உடல்வாகு கொண்டவராக இருக்கலாம். அவரை வைத்து எல்லோருக்கும் கணக்குப் போட முடியாது. ஆனால் சாதாரண ஆட்களிடம் செய்த இரண்டு ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன.

முதலாவது, 2007-ல் வெளியானது. சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். டெக்ஸாவில் பார்த்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை போயிருந்தது. காய்ச்சல் விட்ட பிறகும், ஆபரேஷன் முடிந்த பிறகும் 'பத்து நாள் அசையாம படுத்துக்கோங்கம்மா' என்று பாசத்தோடு சொல்கிறோமே, அந்தப் பாசத்தின் விலை இது. டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன உடனே மெல்ல நடக்க வைப்பதுதான் நல்லது.

இரண்டாவது, 1990-ல் வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய தளர்ந்த 10 பேரை எட்டு வாரம் காலுக்கான எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சி.டி.யில் தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியிருந்தது. 90 வயதிலும் தசை வளரும் என்று அந்தப் படம் காட்டியது. தசை 9 சதவீதம்தான் வளர்ந்தது, பலமோ பல மடங்கு வேகமாகக் கூடியது என்பதையும் கவனியுங்கள். குறையும்போது பார்த்த அதே கணக்கு, ஏறும்போதும் நடக்கிறது.

'நாள் முழுக்க நின்னுக்கிட்டேதானே வேலை பார்க்கிறேன்?'

லைனில் எட்டு மணி நேரம் நிற்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. தசை வளர வேண்டுமானால், பழகிய சுமையைவிடக் கொஞ்சம் கூடுதல் சுமை அவ்வப்போது தேவை. ஒரே இடத்தில் நிற்பதும், ஒரே லேசான அசைவை ஆயிரம் முறை செய்வதும் களைப்பைத் தரும். பலத்தைப் பெரிதாகக் கூட்டாது. லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அசைவும் கிடையாது.

அப்படியானால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பெரும்பாலோருக்கு அவசியம் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சிக்கலையும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த எண்ணுக்குக் கீழ் போனால் 'குறைவு'?

ஆசிய நாடுகளுக்கான நிபுணர் குழு 2019-ல் சொன்ன டெக்ஸா வரம்பு ஆணுக்கு 7.0, பெண்ணுக்கு 5.4. ஆனால் அந்த வரம்பு பெரும்பாலும் கிழக்கு ஆசிய நாடுகளின் தரவுகளை வைத்து உருவானது. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் அந்த நகரத்து ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 2020-ல் வெளியிட்ட வரம்பு ஆணுக்கு 6.11, பெண்ணுக்கு 4.61. அதாவது 6.5 என்று ரிசல்ட் வரும் ஓர் ஆண், ஒரு கணக்கில் குறைபாடு உள்ளவர், இன்னொரு கணக்கில் நார்மல். கைப்பிடி பலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. ஆசிய வரம்பு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ. சண்டிகர் வரம்பு 27.5, 18. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆகவே ஜிம்மில் மெஷின் மேல் ஏறி நின்று வாங்கிய ரிப்போர்ட்டிலோ, 'முழு உடல் ஸ்கேன்' பேக்கேஜிலோ சிவப்பு எழுத்தில் ஓர் எண் வந்தால், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலம் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சரி, விலை குறைந்த அல்ட்ராசவுண்டை ஊர் ஊராகக் கொண்டுபோய் முதியவர்களைச் சோதிக்கலாமே? இந்தியாவில் அது அவ்வளவு சுலபம் இல்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்த மெஷின்களைப் பதிவு செய்த இடத்தில்தான் வைத்திருக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் மெஷின்களுக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பெண் சிசுக்களைக் காக்க வந்த அந்தச் சட்டம் தேவையானது. ஆனால் தொடைத் தசையை அளக்க விரும்பும் பிசியோதெரபிஸ்ட்டும் அதே வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்திலேயே, ஒரகடம் சிப்காட்டில் சுமார் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகளுக்கான பூங்கா திட்டமிடப்பட்டுள்ளது. மத்திய அரசின் திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கைப்பிடி பலத்தை அளக்கும் சின்னக் கருவி, தசைக்கு மட்டுமேயான அல்ட்ராசவுண்ட் போன்றவை இங்கேயே குறைந்த விலையில் தயாரானால், ஆரம்ப சுகாதார நிலையம் வரை இந்தப் பரிசோதனை போய்ச் சேரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

*நாற்காலிச் சோதனை:* கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 5 முறை முழுசாக எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம்.

*கெண்டைக்கால் அளவு:* தையல் டேப்பால் கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றி அளக்கவும். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் மேற்கொண்டு சோதிக்கலாம். இதுவும் ஆசிய வரம்புதான் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு தப்பாகக் காட்டும்.

*நடை:* 6 மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்க 6 வினாடிக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம், தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை வாரத்துக்கு 2 நாளாவது செய்யச் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, வாரம் 3 நாளாவது தடுமாறாமல் நிற்க உதவும் பயிற்சிகளும் தேவை. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. தொடைக்கு அது மட்டும் போதாது. தோப்புக்கரணம், படி ஏறுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பேண்ட் பயிற்சி என்று சுமை கொடுக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். மூட்டுவலி, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்டுவிட்டுத் தொடங்கவும்.

சாப்பாட்டில் புரதம் முக்கியம். முதியவர்களுக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. காலையில் இரண்டு இட்லி, ராத்திரி ரசம் சாதம் என்று முடித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இது எட்டாது. சுண்டல், பருப்பு, தயிர், மீன், முட்டை என மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எடை காரணமில்லாமல் குறைந்தால், ஓராண்டுக்குள் இரண்டாவது முறை விழுந்தால், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமல் போனால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் டி குறைவு, நரம்புப் பிரச்சினை, சில மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். முதியோருக்கான தனி வெளிநோயாளர் பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியால் 1978-லேயே தொடங்கப்பட்டது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவையும் உண்டு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா, அப்பாவை உட்கார வைத்து நாற்காலிச் சோதனையைச் செய்து பாருங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. வந்த எண்ணைத் தேதியோடு குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். உங்களுக்கும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.